வெயிட் அண்டில் டார்க் (1967): ஃபிரிட்ஜை மட்டும் எப்படி மறந்தாள்?

கடைசிவரிசை எழுதியது, இரவு 9.10

வணக்கம் மக்களே. நேற்று ராத்திரி நான்காவது தடவையாக 'வெயிட் அண்டில் டார்க்' பார்த்தேன். கதை தெரியும், யார் சாவார்கள் என்று தெரியும், எந்த இடத்தில் தூக்கிவாரிப் போடும் என்றும் தெரியும். அப்படியும் அந்த இடம் வந்ததும் தலையணையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ஐம்பது வருஷத்துக்கு மேலான படம் இன்னும் இப்படி ஆட்டிவைக்கிறதே என்ற ஆச்சரியத்தில்தான் இந்த இழையைத் தொடங்குகிறேன். முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், இழை எங்கேயும் போய்விடாது.

கதை சுருக்கமாக. நியூயார்க்கில் கிரீனிச் வில்லேஜ் பகுதியில் தெருமட்டத்துக்குக் கீழே இறங்கிப் போகும் ஒரு வீடு. சூசிக்கு ஒரு கார் விபத்தில் பார்வை போய்விட்டது. கணவன் சாம் புகைப்படக்காரன். விமான நிலையத்தில் லிசா என்ற பெண் அவன் கையில் ஒரு பொம்மையைக் கொடுத்து, கொஞ்சம் வைத்திருங்கள் என்கிறாள். பொம்மைக்குள் ஹெராயின். அதைத் தேடி ரோட் என்ற கொலைகாரன் வருகிறான். மைக், கார்லினோ என்று இரண்டு ஏமாற்றுக்காரர்களையும் மிரட்டிச் சேர்த்துக்கொள்கிறான். பொம்மை வீட்டில் காணவில்லை. எங்கே போனது என்று சூசிக்கும் தெரியாது.

எல்லோரும் இதை 'பார்வையற்ற பெண்ணை மூன்று பேர் மிரட்டும் கதை' என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. கடைசியில் சூசி ஒரு முடிவெடுக்கிறாள்: நான் இருட்டில்தான் இருக்கிறேன், வருகிறவனும் இருட்டிலேயே இருக்கட்டும். வீட்டில் உள்ள பல்புகளை ஒவ்வொன்றாக உடைக்கிறாள். அந்த நிமிஷத்தோடு அவள் பாவப்பட்ட பெண் இல்லை. அந்த வீட்டுக்குள் வழி தெரிந்த ஒரே ஆள் அவள்தான்.

அப்புறம் வருகிறது நம் கேள்வி. இவ்வளவு கணக்காக எல்லா விளக்கையும் அணைத்தவள் ஃபிரிட்ஜை மட்டும் எப்படி மறந்தாள்? கதவைத் திறந்தால் உள்ளே ஒரு பல்பு எரியும். ரோட் போய்த் திறக்கிறான், அதுவரை அவள் கையில் இருந்தது முழுக்க அவன் கைக்குப் போய்விடுகிறது. இது கதாசிரியர் செய்த வசதியா, இல்லை அர்த்தத்தோடு செய்ததா? சொல்லுங்கள்.

ரீல்பெட்டி எழுதியது, இரவு 9.48

தம்பி, நல்ல படத்தை எடுத்தீர்கள். நான் தியேட்டரில் ஆபரேட்டராக முப்பது வருஷம் இருந்தவன். இந்தப் படத்தை ஓட்டும் வாய்ப்பு எனக்கு அமையவில்லை. ஆனால் இதை அமெரிக்காவில் எப்படி ஓட்டினார்கள் என்பது எங்கள் தொழிலில் பேசிப் பேசி மாயாத விஷயம்.

விளம்பரத்திலேயே சொல்லிவிட்டார்கள்: படத்தின் கடைசி எட்டு நிமிடம் அரங்கம் சட்டம் அனுமதிக்கும் அளவு வரைக்கும் இருட்டாக்கப்படும். புகைபிடிக்க அனுமதி உள்ள பகுதியில் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த நேரத்தில் பற்றவைக்க வேண்டாம் என்று வேண்டுகோள் வேறு. சூசி திரையில் ஒரு பல்பை உடைக்க உடைக்க, அரங்கத்திலும் விளக்குகள் ஒவ்வொன்றாக அணையும். கடைசியில் ஜனங்கள் உட்கார்ந்திருக்கும் இருட்டும் படத்து இருட்டும் ஒன்றாகிவிடும்.

தியேட்டர் முழு இருட்டு என்று வெளியே இருப்பவர்கள் நினைப்பார்கள். அப்படிக் கிடையாது. வெளியேறும் வழிக்கு மேலே எரியும் சிவப்பு விளக்கு, படிக்கட்டு ஓரத்துச் சின்ன விளக்கு, ஆபரேட்டர் ரூம் ஓட்டை வழியாகக் கசியும் வெளிச்சம், திரையிலிருந்தே திரும்பி முகங்களில் விழும் ஒளி. திரை நிஜமாகவே கறுப்பாகிவிட்டால் அந்தக் கடைசி ஒளியும் போய்விடும். பக்கத்து சீட்டில் யார் என்றே தெரியாது. சத்தம் மட்டும்தான் மிச்சம். எட்டு நிமிஷம் தியேட்டர் முழுக்க சூசியாக உட்கார்ந்திருப்பார்கள். செல்போன் வெளிச்சம் இல்லாத காலம், நினைத்துப் பாருங்கள்.

உங்கள் ஃபிரிட்ஜ் கேள்விக்கு என் பதில்: நாடகக்காரர் வேலை. இது முதலில் நாடகம். பிரெடரிக் நாட் எழுதி 1966 பிப்ரவரியில் பிராட்வேயில் மேடையேறியது. சூசியாக லீ ரெமிக், ரோட்டாக ராபர்ட் டுவால். இதே நாட் எழுதிய இன்னொரு நாடகம்தான் ஹிட்ச்காக் 1954இல் எடுத்த 'டயல் எம் ஃபார் மர்டர்'. நம் ஊரில் சத்யராஜ் நடித்து 1985இல் வந்த 'சாவி'க்கு மூலம் அதுதான். அங்கே ஒரு சாவி, இங்கே ஒரு ஃபிரிட்ஜ். வீட்டில் தினமும் புழங்கும் சாதாரணப் பொருளில் கொண்டுபோய் உயிரைக் கட்டிவைப்பது அந்த மனிதருக்குக் கைவந்த கலை.

நிலாமுற்றம் எழுதியது, இரவு 10.15

எனக்கு இந்தப் படத்தில் முதலில் கோபம் வந்தது சாம் மீதுதான். மனைவிக்குப் பார்வை போயிருக்கிறது. அவளே எல்லாம் செய்துகொள்ள வேண்டும் என்று ஒரே பிடிவாதம். கீழே விழுந்ததை எடுத்துக்கொடுக்க மாட்டான். பார்வையற்றோரிலேயே நான்தான் முதலிடத்தில் வரவேண்டுமா என்று அவள் ஆற்றாமையோடு கேட்கிறாள். அவன் ஆமாம் என்கிறான். நானாக இருந்தால் அன்றைக்கே பெட்டியைக் கட்டியிருப்பேன்.

ஆனால் இரண்டாவது தடவை பார்த்தபோது, படத்தில் சூசியாக நடித்த ஆட்ரி ஹெப்பர்னின் முகத்தைக் கவனித்தேன். அவன் சொல்வது பிடிக்காமலும் இருக்கிறது, அதே சமயம் அவன் தன்னை நோயாளியாக நடத்தவில்லை என்பது உள்ளுக்குள் இனிக்கவும் செய்கிறது. அந்த இரண்டையும் ஒரே முகத்தில் கொண்டுவருகிறார். வசனமே இல்லை.

கடைசிவரிசை அண்ணா, அவர் கண்ணை எப்படி வைத்துக்கொள்கிறார் என்று ஒரு தடவை அதை மட்டும் பாருங்கள். பேசுகிறவர் முகத்தை நேராகப் பார்ப்பதே இல்லை. குரல் வரும் திசைக்குக் கொஞ்சம் தள்ளி, கன்னத்துக்கோ தோளுக்கோ போய் நிற்கும். ஆள் நகர்ந்துவிட்டால் கண் உடனே போகாது. சத்தம் போன பிறகு, கால் நொடி தாமதமாகத் தலை திரும்பும், அதற்கப்புறம்தான் கண். நியூயார்க்கில் லைட்ஹவுஸ் என்ற பார்வையற்றோர் நிறுவனத்துக்குப் போய் இதற்காகப் பயிற்சி எடுத்திருக்கிறார். உலகமே கண்ணழகுக்காகக் கொண்டாடிய நடிகை, அந்தக் கண்ணை வேலை செய்ய விடாமல் நிறுத்திவைத்து நடித்திருக்கிறார். ஐந்தாவது முறையாக ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. விருது இன்னொரு ஹெப்பர்னுக்கு, கேத்தரினுக்குப் போய்விட்டது. எனக்கு அதில் இன்றும் வருத்தம்தான்.

படத்தைத் தயாரித்தவர் அப்போதைய கணவர் மெல் ஃபெரர். அடுத்த வருஷமே இருவருக்கும் விவாகரத்து ஆகிவிட்டது. இதற்கப்புறம் 1976 வரைக்கும் ஆட்ரி படமே செய்யவில்லை. அது தெரிந்த பிறகு, சூசி தனியாக அந்த வீட்டுக்குள் நிற்கும்போது எனக்கு என்னவோ செய்கிறது.

புதுவாசகன் எழுதியது, இரவு 10.31

எல்லோருக்கும் வணக்கம். நான் காலேஜ் இரண்டாம் வருஷம். இந்த இழையைப் பார்த்துவிட்டு இப்போதுதான் பாதி வரை பார்த்தேன். தப்பாக நினைக்காதீர்கள், இரண்டு சந்தேகம்.

ஒன்று, மூன்று தடியன்கள். எதிரே கண் தெரியாத ஒரு பெண். கழுத்தில் கத்தியை வைத்து பொம்மை எங்கே என்று கேட்டால் முடிந்தது. எதற்கு மைக் சாமின் பழைய ராணுவ நண்பன் என்று வேஷம் போட வேண்டும், கார்லினோ போலீஸ் என்று வர வேண்டும், ரோட் அப்பாவாகவும் மகனாகவும் இரண்டு தடவை வர வேண்டும்?

இரண்டு, கதவைப் பூட்டலாமே? ஆளாளுக்கு உள்ளே வந்து போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

கடைசிவரிசை எழுதியது, இரவு 10.44

தம்பி, முதல் சந்தேகம் நல்ல சந்தேகம், ஆனால் பதில் படத்திலேயே இருக்கிறது. அவளுக்கே தெரியாத ஒன்றைக் கத்தியைக் காட்டி வாங்க முடியாது. பொம்மையை எடுத்துப்போனது மேல்வீட்டுச் சிறுமி குளோரியா. அது சூசிக்குத் தெரியாது. அதனால் அவர்கள் அவளையே தேட வைக்க வேண்டும், அதுவும் ஆசையாகத் தேட வைக்க வேண்டும். லிசாவைக் கொன்றது ரோட். ஆனால் அந்தக் கொலையில் சாம் மீது சந்தேகம், அந்தப் பொம்மை போலீஸ் கையில் சிக்கினால் உன் கணவன் மாட்டிக்கொள்வான் என்று நம்ப வைக்கிறார்கள். கணவனைக் காப்பாற்றுவதாக நினைத்து அவளே வீட்டைக் கவிழ்த்துத் தேடுகிறாள். அந்த ஏற்பாட்டை நினைத்தால்தான் எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அவளுடைய அன்பையே ஆளாக வைத்து வேலை வாங்குகிறார்கள்.

கதவு விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. அது ஓட்டைதான். அதை மூடி மறைக்க நான் முயற்சி செய்யமாட்டேன்.

பின்னணிஇசை எழுதியது, இரவு 11.05

யாரும் இசையமைப்பாளர் ஹென்றி மான்சினி பெயரை எடுக்கவில்லையே என்று ஓடிவந்தேன்.

இந்தப் படத்துக்கு அவர் இரண்டு பியானோ வைத்தார். ஒன்று சாதாரண சுருதி. இன்னொன்றைக் கால் சுரம் இறக்கிச் சுருதி சேர்த்தார். அதே சுரத்தை இதில் ஒரு தடவை, உடனே அதில் ஒரு தடவை. நம் காது முதல் சுரத்தைப் பிடித்து உட்கார்ந்த உடனே இரண்டாவது வந்து அதைக் கொஞ்சம் சாய்த்துவிடும். அபசுரம் என்று தூக்கிப் போடவும் முடியாது, சுருதி என்று ஒத்துக்கொள்ளவும் முடியாது. மாடிப்படியில் ஒரு படி மட்டும் அரை அங்குலம் தணிந்திருந்தால் கால் எப்படித் தடுமாறுமோ அப்படி ஒரு தடுமாற்றம் காதுக்குள்.

ஹெட்போனில் கேட்டுப் பாருங்கள். கர்நாடக சங்கீதத்தில் கமகத்தோடு வரும் நுண்சுரம் நமக்குச் சுகம். இங்கே வழுக்கல் இல்லாமல், ஆணி அடித்தது போல இரண்டும் தனித்தனியாக நிற்கின்றன. அதனால்தான் உறுத்துகிறது. ஆட்ரிக்கு ஏற்கெனவே மூன்று படங்களில் மனதை மயக்கும் இசை கொடுத்தவர் இவர். நான்காவதில் அவரைப் பயமுறுத்தத் துணிந்திருக்கிறார்.

இன்னொன்று. கடைசிக் காட்சியில் எவ்வளவு நேரம் இசையே இல்லாமல் விட்டிருக்கிறார் என்று கவனியுங்கள். மூச்சு, கண்ணாடி நொறுங்கும் சத்தம், தரையில் இழுபடும் சத்தம். இசையமைப்பாளர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கும் தைரியம் வேண்டும்.

ரீல்பெட்டி எழுதியது, இரவு 11.20

ஆலன் ஆர்கின் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் தூங்கப் போகமாட்டேன். அடிப்படையில் அவர் நகைச்சுவைக்காரர். சிகாகோவின் செகண்ட் சிட்டி நாடகக் குழுவில் இருந்தவர். இதற்கு முந்தைய வருஷம் வந்த ஒரு நகைச்சுவைப் படத்துக்குத்தான் ஆஸ்கர் பரிந்துரை வாங்கியிருந்தார். அப்படிப்பட்டவரை ரோட்டாகப் போட்டிருக்கிறார்கள். 2023இல் காலமாகிவிட்டார்.

ரோட் கத்தவே மாட்டான். தூக்கக் கலக்கத்தில் பேசுவது போலப் பேசுவான். சின்ன சிலைக்குள் ஒரு கத்தியை மறைத்து வைத்திருப்பான், அதற்கு ஜெரால்டின் என்று பெயரும் வைத்திருப்பான். ஆயுதத்துக்குப் பெயர் வைத்துக் கொஞ்சுகிற ஆள் எவ்வளவு தூரம் போவான் என்று நாமாக ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் படத்தின் இயக்குநர் டெரன்ஸ் யங், முதல் நான்கு ஜேம்ஸ் பாண்ட் படங்களில் மூன்றை எடுத்தவர். அங்கே தீவு, கடலடி, விமானம் என்று உலகத்தைச் சுற்றியவர், இங்கே ஒரு ஹாலும் அடுப்படியும் போதும் என்று உட்கார்ந்துவிட்டார்.

ஒரு சின்ன விஷயம். படத்தில் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு திரிவது ரோட். பார்வையில்லாத சூசி மாட்டுவதில்லை.

வெண்கோல் எழுதியது, காலை 6.25

இந்த மன்றத்தை இரண்டு வருஷமாக ஸ்கிரீன் ரீடர் வைத்துப் படித்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவது இதுதான் முதல் தடவை. பள்ளி ஆசிரியர். ஒன்பது வயதில் பார்வை போனது, இப்போது நாற்பத்தி நான்கு.

இந்தப் படத்தை என் தங்கை பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்லக் கேட்டேன். அப்புறம் ஒரு நாள் தனியாக, யார் துணையும் இல்லாமல் மறுபடி கேட்டேன். இரண்டாவது தடவைதான் படம் எனக்குக் கிடைத்தது.

பார்வை மாற்றுத்திறனாளிகளை சினிமாவில் இரண்டே விதமாகக் காட்டுவார்கள். ஒன்று, தட்டுத் தடுமாறி எல்லோர் மீதும் இடிக்கும் பாவப்பட்ட ஜீவன். இல்லையென்றால் அடுத்த தெருவில் ஊசி விழுவதைக் கேட்கும் அதிசயப் பிறவி. எனக்கு ஊசி விழும் சத்தம் கேட்காது. உங்களுக்குக் கேட்பதுதான் எனக்கும் கேட்கும். நான் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

சூசி அதைத்தான் செய்கிறாள். வந்தவர்கள் ஏன் ஜன்னல் மறைப்பை மறுபடி மறுபடி திறந்து மூடுகிறார்கள்? போலீஸ்காரர் ஏன் மேசையை, கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார்? கிழவனும் மகனும் தனித்தனி ஆள் என்றால் இரண்டு பேருக்கும் காலணிச் சத்தம் எப்படி ஒன்றாக இருக்கும்? இந்த மூன்றில் எதற்கும் அபூர்வக் காது தேவையில்லை. அந்த அறையில் இருந்த யாருக்கும் கேட்டிருக்கும். ஏன் என்று கேட்டது அவள் ஒருத்திதான். மறைப்பைத் திறந்து மூடுவது வெளியே இருப்பவனுக்குச் சைகை. அதைக் கண் உள்ளவர்களுக்கான ரகசியம் என்று நினைத்து அவர்கள் செய்கிறார்கள். ஆனால் அந்தக் கயிற்றுக்கு ஒரு சத்தம் உண்டு. அந்த இடத்தில் நான் கைதட்டினேன்.

தப்பும் இருக்கிறது. சொந்த வீட்டுக்குள் இத்தனை தடுமாற மாட்டோம். ஆனால் பார்வை போய் ரொம்ப நாள் ஆகாதவள், இன்னும் பார்வையற்றோர் பள்ளிக்குப் போய்ப் பழகிக்கொண்டிருப்பவள் என்பதால் ஒத்துக்கொள்ளலாம். என் முதல் வருஷத்தில் நானும் எங்கள் வீட்டு நிலைப்படியில் தினமும் இடித்துக்கொண்டவன்தான்.

நிலாமுற்றம் அம்மா, சாம் பற்றி உங்களுக்குக் கோபம் வந்தது நியாயம். எங்கள் அப்பாவும் அப்படித்தான். தண்ணீர்ச் செம்பு கீழே விழுந்தால் எல்லோரையும் சும்மா இரு என்று கையமர்த்துவார். நான் தேடி எடுக்கிற வரைக்கும் வீடே மூச்சு விடாது. அன்றைக்கு வெறுத்தேன். அம்மா அடுப்படியில் அழுதது எனக்குக் கேட்கும்.

இப்போது மைக். எனக்கு இந்தப் படத்தில் ரோட்டை விட அதிகமாக வலித்தது மைக்தான். அவன் குரல் நல்ல குரல். ரிச்சர்ட் கிரென்னா அவசரமில்லாமல், கனிவாகப் பேசுகிறார். தங்கை பக்கத்தில் இருந்தபோது, அவன் மற்றவனுக்குச் சைகை காட்டுகிறான் அண்ணா என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தனியாகக் கேட்டபோது அந்தச் சைகை எனக்குக் கிடையாது. அவனை நம்பினேன். கதை தெரிந்தும் நம்பினேன். நாங்கள் குரலை வைத்து மனிதரை எடைபோடுகிறவர்கள். முகம் பொய் சொல்லும், குரல் சொல்லாது என்று எங்களுக்குள் ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையில் இந்தப் படம் ஓங்கி அடித்தது.

ஃபிரிட்ஜ் பற்றி அப்புறம் எழுதுகிறேன். பள்ளிக்கு நேரமாகிவிட்டது.

நிலாமுற்றம் எழுதியது, காலை 7.40

வெண்கோல் சார், உங்கள் பதிவை என் வீட்டுக்காரருக்கு வாசித்துக் காட்டினேன். அந்தச் செம்பு விழும் இடத்தில் நிறுத்திவிட்டேன், மேலே படிக்க முடியவில்லை. சீக்கிரம் வந்து மீதியை எழுதுங்கள்.

தொலைபேசிக் காட்சி பற்றியும் யாராவது சொல்ல வேண்டும். தன் நம்பர் என்று மைக் கொடுத்தது எதிரே தெருவில் இருக்கும் தொலைபேசிக் கூண்டின் நம்பர். வெளியே போலீஸ் கார் நிற்கிறது என்று அவன் சொன்னதும் பொய், அப்படி எதுவும் இல்லை என்று குளோரியா சொல்லிவிடுகிறாள். நண்பன் என்று நம்பி ஒப்படைத்த அத்தனையும் ஒரே மூச்சில் சரிகிறது. ஆட்ரி அங்கே அலறவில்லை. குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு போனில் பேச்சை முடிக்கிறார். அந்தச் சாதாரணக் குரலைப் பிடித்து நிறுத்த அவர் படும் பாடு கழுத்தில் தெரிகிறது.

குளோரியாவையும் சேர்த்துச் சொல்கிறேன். அந்தக் குழந்தையை இனிப்புப் பண்டம் போலக் காட்டாமல் விட்டதற்கு நன்றி. மூக்குக் கண்ணாடி, கோபம், பொறாமை எல்லாம் உள்ள பிள்ளை. சூசியிடம் கோபித்துக்கொண்டு பாத்திரங்களைத் தூக்கி எறிகிறாள், அப்புறம் அவளே பொறுக்குகிறாள். உயிரைக் காப்பாற்றும் வேலையைச் செய்வதும் அந்தப் பிள்ளைதான்.

புதுவாசகன் எழுதியது, மதியம் 1.15

மீதியைப் பார்த்துவிட்டேன். நேற்று பாதியில் நிறுத்தியது தப்பு. ஹாஸ்டலில் ஆறு பேர் சேர்ந்து லைட்டை அணைத்துவிட்டுப் பார்த்தோம். போன்களை எல்லாம் ஒரு பக்கெட்டில் போட்டு வெளியே வைத்துவிட்டோம், ரீல்பெட்டி ஐயா எழுதியதைப் படித்ததால்.

ரோட்டைக் கத்தியால் குத்திவிட்டாள், முடிந்தது என்று ஒருத்தன் எழுந்து லைட் போடப் போனான். சூசி சங்கிலி போட்ட கதவோடு மல்லுக்கட்டிவிட்டு அடுப்படிப் பக்கம் போகிறாள். அப்போது அவன் இருட்டிலிருந்து பாய்ந்து காலைப் பிடிக்கிறான் பாருங்கள்! எழுந்து போனவன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். பக்கத்து ரூமிலிருந்து ஓடி வந்து என்ன ஆச்சு என்று கேட்டார்கள்.

திரும்பப் போட்டுப் பார்த்தேன். பாய்வதற்கு முன்னால் எந்த எச்சரிக்கையும் இல்லை. இசை ஏறவில்லை, கேமரா அந்தப் பக்கம் திரும்பவில்லை. நாம் அவளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவ்வளவுதான். இப்போதைய படங்களில் பேய் வருவதற்கு முன்னால் சத்தத்தைக் குறைத்து, 'இதோ வருகிறது' என்று நமக்குச் சொல்லிவிடுகிறார்கள். இங்கே சொல்லவே இல்லை.

அதற்கப்புறம் அவன் கத்தியைத் தரையில் குத்திக் குத்தித் தன்னை இழுத்துக்கொண்டு வருவது அதைவிட மோசம். நேற்று கேட்ட இரண்டு சந்தேகங்களில் கதவு ஓட்டை இன்னும் எனக்கு ஓட்டைதான். ஆனால் படம் பிடித்துவிட்டது.

கடைசிவரிசை எழுதியது, மாலை 5.30

பக்கெட் யோசனை அருமை தம்பி. ஆறு பேரும் சேர்ந்து பார்த்ததுதான் சரியான முறை.

விளக்கு அணையும் வரிசையை இன்னொரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், ஏனென்றால் இதில்தான் சாம் வீட்டில் இல்லாமலே உதவுகிறான். சூசி எல்லா பல்பையும் உடைக்கிறாள். சாமின் புகைப்பட வேலைக்கான இருட்டறை விளக்கை மட்டும் விட்டுவைக்கிறாள். ரோட் வந்து மைக்கைக் கொன்று, கதவுக்குச் சங்கிலி போட்டு, பெட்ரோலை ஊற்றி மிரட்டும்போது அவன் முகத்தில் படக் கழுவும் ரசாயனத்தை வீசுகிறாள், அந்தக் கடைசி விளக்கையும் பிடுங்குகிறாள். கும்மிருட்டு. கணவனுடைய தொழிலே இருட்டில் செய்யும் தொழில். அந்த வீட்டில் இருட்டுக்கு ஏற்கெனவே ஒரு இடம் இருந்தது. அவள் அதை வீடு முழுக்கப் பரப்பிவிட்டாள்.

அப்போதுதான் ஃபிரிட்ஜ் திறக்கிறது. மஞ்சள் வெளிச்சம் தரையில் விழுகிறது, அவள் அதைப் பார்க்கவில்லை. நாம் பார்க்கிறோம். அவன் பார்க்கிறான். ஜெயித்துவிட்டோம் என்று அவள் நினைத்துக்கொண்டிருக்கும் அந்த இரண்டு மூன்று நொடியை எப்படித் தாங்குவது?

வெண்கோல் எழுதியது, இரவு 8.50

வந்துவிட்டேன். காலையில் விட்ட இடத்திலிருந்து.

ரீல்பெட்டி ஐயா நாடகக்காரரின் சாமர்த்தியம் என்றார். சாமர்த்தியம்தான், ஆனால் அதற்குள் ஒரு நிஜம் இருக்கிறது. நீங்கள் ஃபிரிட்ஜைத் திறந்தால் உங்களுக்கு முதலில் தெரிவது வெளிச்சம். எனக்கு முதலில் முகத்தில் படுவது குளிர். அப்புறம் வாசனை, கொத்தமல்லியும் புளித்த மாவும். அப்புறம் அந்த உறுமல் சத்தம். இவ்வளவுதான் ஃபிரிட்ஜ். அதற்குள் ஒரு பல்பு இருக்கிறது என்று யாராவது கேட்டால் தெரியும் என்பேன். ஆனால் 'வீட்டில் உள்ள விளக்குகளை எண்ணு' என்றால் என் கணக்கில் அது வராது. சூசி விளக்குகளைத் தேடிப் போகிறாள். சுவர், மேசை, படிக்கட்டு. ஃபிரிட்ஜ் அவளுக்குக் குளிர் இருக்கும் பெட்டி. ஒரு காலத்தில் பார்த்தவள்தானே என்று கேட்பீர்கள். ஆமாம், ஆனால் மறதி ரொம்ப சீக்கிரம் வரும். எந்தப் பொருளை எதனால் அடையாளம் வைத்துக்கொள்கிறோம் என்பது சில மாதங்களிலேயே மாறிவிடும். அது மாறினால்தான் புழங்க முடியும். அவள் அந்த வீட்டில் நன்றாகப் பழகிவிட்டாள் என்பதற்கு அந்த மறதிதான் சாட்சி. அந்தப் பழக்கமே அவளைக் கொல்லப் பார்க்கிறது.

கல்லூரி விடுதியில் இருந்தபோது ராத்திரி கரண்ட் போனால் மூன்றாவது மாடியிலிருந்து பையன்களைக் கீழே அழைத்துப்போவது என் வேலை. என் தோளில் ஒருவன் கை, அவன் தோளில் இன்னொருவன் கை, பத்துப் பன்னிரண்டு பேர் ரயில்பெட்டி மாதிரி. எத்தனை படி, எங்கே திருப்பம், எங்கே சைக்கிள் சாத்தியிருக்கும் என்று சொல்லிக்கொண்டே இறங்குவேன். மற்ற நேரத்தில் என் கையைப் பிடித்து ரோடு தாண்ட வைப்பவர்கள் அவர்கள். படத்தில் அவள் பல்புகளை உடைக்கும் சத்தத்தை ஒவ்வொன்றாகக் கேட்டபோது எனக்கு அந்தப் படிக்கட்டு ஞாபகம்தான் வந்தது. ஒருவன் டார்ச்சோடு வந்து சேர்ந்ததும் எல்லோரும் என் தோளை விட்டுவிடுவார்கள். அந்த ஞாபகமும் வந்தது.

கடைசியில் அவள் ஃபிரிட்ஜின் வயரைத் தேடுகிறாள். தங்கையால் அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு பிடுங்கு, பிடுங்கு என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்புறம் அந்த உறுமல் நின்றது.

படம் முடிந்து தங்கை தூங்கப் போன பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனேன். எங்கள் ஃபிரிட்ஜின் வயர் எங்கே போகிறது என்று தடவிப் பார்த்தேன். மாவு டப்பாக்கள் அடுக்கிய ஷெல்ஃபுக்குப் பின்னால், முழங்கை வரை உள்ளே விட்டால்தான் பிளக் கைக்கு வருகிறது. மறுநாள் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு முன்பக்கச் சுவருக்கு மாற்றி வைத்துவிட்டேன்.